வகுப்பறையிற் கட்சியுரையும் பெற்றோர் மறுப்பும்

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் தமக்கு மிக அரியதொன்றை நாடோறும் பிறர் கையில் ஒப்புவிக்கின்றனர். எழுத்தும் எண்ணும் கற்று வருக என அனுப்பப்பட்ட பிள்ளை, ஒருநாள் மாலை வீடு திரும்பி, இன்ன கட்சியார் நல்லர், இன்ன கட்சியார் தீயர், இன்னாரை ஆதரித்தலே அறம் என்று ஆசிரியர் கூறினார் எனச் சொல்லுமாயின் தந்தையும் தாயும் திடுக்கிடுவர். அக்கட்சி தம்முடைய கட்சியேயாயின் அங்ஙனம் திடுக்கிடுவரோ என்பது வேறொரு வினா. உண்மையில் இவ்வினாவே இப்பொருளின் உரைகல் ஆகும். பெற்றோரது மறுப்பு நியாயத்தின்பாற்பட்டதோ, தம் கட்சிப் பற்றின்பாற்பட்டதோ என்பதனை அதுவே காட்டும். வகுப்பறையில் அரசியற் கட்சியுரை புகுதலைப் பெற்றோர் மறுத்தல் எத்துணை அளவிற்கு முறையாம், எவ்விடத்து முறையன்றாம் என்பதனை நடந்த செய்திகள் சிலவற்றை வைத்தும், நம் சித்தாந்த நூல்கள் உயிரின் இயல்பைப் பற்றிக் கூறும் உண்மைகளை வைத்தும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இங்கிலாந்து தேசத்தில் நிகழ்ந்ததொரு வழக்கினை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுக் கல்விச் சட்டத்தில் 1986-ஆம் ஆண்டிலே புகுத்தப்பட்டு, 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 406, 407-ஆம் பிரிவுகளில் நிலைபெற்ற விதிகள் இரண்டு உள. எப்பாடத்தைக் கற்பிக்கும்போதும் ஒருதலைப்பட்ட அரசியற் கொள்கையைப் பரப்புதல் ஆகாது என்பது ஒன்று. அரசியற் பொருள் மாணாக்கர் முன் வருங்கால், மாறுபட்ட கொள்கைகள் நடுநிலையின் எடுத்துரைக்கப்படல் வேண்டும் என்பது மற்றொன்று. 2007-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கத்தார், உலகின் வெப்பம் மிகுதலைப் பற்றி அமெரிக்காவின் முன்னாள் உபஜனாதிபதி ஆல் கோர் என்பார் தோன்றி விளக்கும் திரைப்படமொன்றை இங்கிலாந்தின் உயர்தரப் பாடசாலைகட்கு அனுப்ப முற்பட்டனர். கெண்ட் கோட்டத்தைச் சார்ந்த தந்தையொருவர், பள்ளியொன்றின் ஆட்சிக்குழுவிலும் இருந்தவர், இது கட்சியுரை எனக் கூறி லண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள் நீதிபதி பர்ட்டன் என்பார் தீர்ப்புக் கூறினார்.

அத்தீர்ப்பு இருதிறத்தாரையும் சிந்திக்கச் செய்வது. படத்தின் தலையாய கருத்துக்கள் அறிவியல் ஆராய்ச்சியால் நன்கு தாங்கப்பட்டவை என்று நீதிபதி ஒப்பினார். ஆயினும், அறிவியலார் பெரும்பாலோர் கொண்ட முடிபினின்றும் விலகிய கூற்றுக்கள் ஒன்பதினை எடுத்துக்காட்டினார். கடல்மட்டம் இருபதடி உயருதல் அண்மையில் நேரும் என எண்ணுமாறு படம் காட்டிற்று. அறிவியலார் கருத்தோ அத்துணை உயர்வு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழத்தக்கது என்பது. இத்தகையனவற்றைத் தெளிவிக்கும் வழிகாட்டுக் குறிப்போடு சேர்த்தே படத்தைக் காட்டலாம் என்பது முடிபாயிற்று. படம் தடுக்கப்படவுமில்லை, தந்தையின் முறையீடு வெறும் பிடிவாதம் எனத் தள்ளப்படவுமில்லை. இனி, இம்முடிபு பொருந்துமாறு யாது என்பதனை நாம் அடிப்படையினின்றும் காணல் வேண்டும்.

பிள்ளை யாருடையது? இவ்வினாவிற்கு உலகினர் கூறும் விடை இரண்டு. பெற்று வளர்த்தவர் யாம், ஆகலின் எமது என்பர் பெற்றோர். நாளை இந்நாட்டை நடத்துவது இப்பிள்ளையே, இதனைக் கற்பிக்கும் செலவும் எம்முடையதே, ஆகலின் எமது என்பர் அரசாங்கத்தார். பின்னைய கொள்கை பழமையுடையது. கிரேக்க தேசத்து ஸ்பார்ட்டா நகரத்தார் ஆண்மக்களை ஏழாம் வயதிலேயே வீட்டினின்றும் பிரித்துப் பொதுப் பயிற்சியிற் சேர்த்தனர். பிளேட்டோ என்னும் தத்துவ ஞானியும் தாம் கற்பித்துக்கொண்ட நல்லரசிற் காவலர் வகுப்பாரின் பிள்ளைகள் இன்னார் மக்கள் என்று அறியப்படாது பொதுவில் வளர்தலே தக்கது எனக் கருதினார்.

இக்கொள்கை எத்துணைக் கொடிய எல்லைவரை செல்லும் என்பதற்குச் சோவியத் நாட்டின் செய்தியொன்று சான்றாம். யூரல் மலைப்புறத்துச் சிற்றூரொன்றில் 1932-ஆம் ஆண்டிற் கொலையுண்ட பாவ்லிக் மொரோசொவ் என்னும் சிறுவன், தன் தந்தையை அரசாங்கத்தாரிடம் காட்டிக்கொடுத்தவன் எனப் போற்றப்பட்டான். அவனுக்குச் சிலைகள் எடுக்கப்பட்டன. அவன் கதை பல தலைமுறை மாணாக்கர்க்கு ஒழுக்கப் பாடமாகச் சொல்லப்பட்டது. அக்கதையிற் பலவும் கட்டப்பட்டவை எனப் பிற்காலத்து வரலாற்றாசிரியர் ஐயுறுகின்றனர். அஃது எவ்வாறாயினும், தந்தையைக் காட்டிக்கொடுத்தல் சிறந்த அறம் எனச் சின்னஞ்சிறு பிள்ளைகட்குப் பள்ளியிற் கற்பித்தது மெய். ஆசிரியன் சொல் பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் இடையே கத்திபோற் புகுந்தது. இதனைக் கண்ட பின்னர், வகுப்பறையிற் கட்சியுரைக்கு அஞ்சும் பெற்றோரை எள்ளி நகையாடுதல் யார்க்கும் ஒல்லாது.

அற்றேல், பிள்ளை பெற்றோருடையதே எனக் கொள்ளலாமோ எனின், அதுவும் பொருந்தாது. உயிர் அநாதி என்பது சித்தாந்தத்தின் முடிந்த முடிபு. பெற்றோர் உயிரைப் படைத்தாரல்லர். தனு கரண புவன போகங்களை இறைவன் உயிரின் வினைக்கேற்பக் கூட்டுவிக்குங்கால், அவ்வுடம்பு வருதற்கு வாயிலாக நின்றவரே தாய்தந்தையர். அவ்வுயிர் எத்தனையோ பிறவிகள் கடந்து, தனக்கென வினையும், தனக்கென அறிவு இச்சை செயல்களும் உடையதாய் வந்தது. நேற்றுப் பிறந்த குழவியினிடத்தும் இருப்பது பெற்றோரின் உயிரோடு ஒத்த பழமையுடைய உயிரே. ஆகலின் பெற்றோர்க்குரியது காவலே, உடைமை அன்று. பெற்றோர்க்கே உடைமை இல்லையாயின் அரசாங்கத்தார்க்கு யாண்டையது? இருவரும் காவலர். அவருள் பெற்றோர் அன்பினால் நெருங்கிய காவலர். அரசாங்கத்தார் சட்டத்தினால் அமைந்த காவலர். அவ்விருவர்க்கும் இடையே நின்று, இருவரிடத்தும் நம்பிக்கை பெற்றுத் தொழில் செய்பவர் ஆசிரியர்.

காவலன் தன் கையில் ஒப்புவிக்கப்பட்ட பொருளைத் தன் விருப்பிற்கேற்ப மாற்றியமைக்கலாகாது. அதனை உரிய காலத்தில் உரியவனிடம் கெடாது சேர்ப்பித்தலே அவன் கடன். ஈண்டு உரியவன் யாவன்? வளர்ந்து தானே தெளிந்து தேரும் அப்பிள்ளையே. ஆகலின் வினா வேறு உருவம் பெறுகின்றது. இப்பிள்ளையின் தேர்தலுரிமையைக் கெடாது காத்தல் எங்ஙனம் என்பதே அவ்வினா.

இக்காவல் இன்றியமையாதது என்பதற்குக் காரணம் உயிரின் இயல்பிலேயே உளது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் தன்மையது. பளிங்கு தன்பால் வைக்கப்பட்ட பொருளின் நிறத்தைத் தன் நிறம்போலக் காட்டும் என்னும் உவமையை நம்மாசிரியர்கள் பலகாலும் எடுத்தாளுவர். முதிர்ந்தோரும் கூட்டத்தின் வண்ணத்தைப் பெறுகின்றனர் என்றால், ஏழும் எட்டும் ஆண்டு நிரம்பிய பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதென்னை? தெருவிற் கேட்ட மேடைப்பேச்சைப் பிள்ளை மறந்துவிடும். ஆசிரியர் கூறியதை மறவாது. பெருக்கல் வாய்பாட்டை மெய்யென்று கூறிய அதே வாய், இன்ன தலைவரும் மெய்யென்று கூறுமாயின், ஒன்றினின்று ஒன்றைப் பிரித்தறிதல் பிள்ளைக்கு அரிது. கட்சியுரை அவ்விடத்து வாய்பாட்டின் மதிப்பைக் கடன் வாங்கிக்கொள்கின்றது. இதுவே வகுப்பறைக் கட்சியுரையின் தனித் தீங்கு.

இனி ஒரு தடை எழும். உயிர் எதனையேனும் சார்ந்தே நிற்பதாயின், வண்ணமற்ற கல்வி என ஒன்று உண்டோ? ஒன்றும் கூறாதிருத்தலும் ஒரு கொள்கையேயன்றோ? வரலாறு கற்பிப்பவர் எந்நிகழ்ச்சியைக் கூறுதும், எதனை விடுதும் எனத் தெரியும்போதே பக்கஞ் சார்ந்துவிடுகின்றார் அல்லரோ? ஆகலின் நடுநிலை என்பது பொய்; தமக்கு நல்லதென்று தோன்றியதை வெளிப்படையாகக் கற்பித்தலே நேர்மை என்பர் ஒருசாரார்.

இத்தடை வன்மையுடையது, எளிதில் தள்ளற்பாலதன்று. ஆயினும் இதற்கு விடை சித்தாந்த நூல்களுட் கூறப்படும் உபகார இயல்பில் உளது. சூரியவொளி கண்ணுக்கு உதவுகின்றது. அவ்வொளி இன்றிக் கண் காணாது. ஆயினும் ஒளி கண்ணின்மேல் உருவங்களை எழுதுவதில்லை. பொருள்களை விளக்கி நிற்கின்றது, காண்பது கண்ணே. காட்டும் உபகாரம் வேறு, காட்டப்பட்டதை முடிவு செய்து திணித்தல் வேறு. ஆசிரியர் முற்றும் வண்ணமற்றவராதல் அரிதே. எனினும் தம் வண்ணத்தை அறிந்து அதனை அடக்கி, பொருளை விளக்கி நிற்றலும், தம் வண்ணத்தைப் பிள்ளையின்மேற் பூசுதலும் ஒன்றாகா. முழுத்தூய்மை எய்தலரிது என்பதனால், அழுக்கில் அமிழ்தலே நேர்மை என்பது வாதமாகாது.

பெற்றோர் மறுப்பின் மற்றைப் பக்கத்தையும் இவ்விடத்தே கூறல் வேண்டும். தமக்கு உவவாத யாவும் கட்சியுரை என்பார் உளர். அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தார் 1925-ஆம் ஆண்டில், மனிதன் தாழ்ந்த விலங்கினத்தினின்றும் தோன்றினான் எனக் கற்பித்தலைத் தடுத்துச் சட்டம் இயற்றினர். டேட்டன் என்னும் ஊரில் அதனைக் கற்பித்த ஆசிரியர்க்கு அவ்வாண்டு ஜூலையில் நூறு டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1927-இல் அத்தண்டம் முறைப்பிழையொன்றால் நீக்கப்பட்டதேனும், சட்டம் 1967 வரை நிலைத்தது. அச்சட்டத்தை விரும்பினோரும் பிள்ளைகளின் நலம் நாடிய பெற்றோரே. ஆயினும் அவர் வேண்டியது பிள்ளை திணிக்கப்படாமை அன்று, பிள்ளை அறியாமை. இவ்விரண்டிற்கும் வேறுபாடு மிகப் பெரிது.

இவ்வேறுபாட்டைப் பிரமாண முறையால் தெளியலாம். காண்டலாலும் கருதலாலும் நிறுவப்பட்டு, கற்றார் பலராற் சோதிக்கப்பட்ட பொருள், ஒருவர்க்கு உவப்பாயினும் வெறுப்பாயினும் பொருளே. வெப்பமானி காட்டும் அளவு எக்கட்சியையும் சார்ந்ததன்று. அவ்வளவினைக் கண்ட பின் எவ்வரி விதித்தல் வேண்டும், எத்தொழிலை நிறுத்தல் வேண்டும், எவர்க்கு வாக்களித்தல் வேண்டும் என்பனவோ பயன்களையும் இழப்புக்களையும் தூக்கி நாட்டு மக்கள் தேரற்பாலன. முன்னது பாடம், பின்னது வழக்கு. பாடத்தை வழக்கென்று தள்ளுதல் பெற்றோர் பிழை. வழக்கைப் பாடமென்று நுழைத்தல் ஆசிரியர் பிழை. இங்கிலாந்துத் தீர்ப்பு இவ்விரண்டு பிழைகளையும் ஒருங்கே விலக்கியது என்பது இப்பொழுது விளங்கும்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தாரும் 1976-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 7-ஆம் நாள் டென்மார்க்குப் பெற்றோர் சிலர் கொணர்ந்த வழக்கில் இதனையொத்த முடிபிற்கே வந்தனர். இனப்பெருக்க இயலைக் கட்டாயப் பாடமாக்கியதை அப்பெற்றோர் மறுத்தனர். அறிவைப் பொருளுண்மையோடும், ஆராய்வோடும், பலகொள்கைக்கும் இடந்தந்தும் கற்பித்தல் அரசாங்கத்திற்கு ஆகும். பெற்றோரின் சமய தத்துவக் கொள்கைகளை மதியாது ஒரு கொள்கையைப் புகட்டுதலை நோக்கமாகக் கொள்ளுதல் ஆகாது என்றனர். அவ்வடிப்படையில் பெற்றோரின் வழக்குத் தோற்றது. ஆனால் பெற்றோர்க்குரிய எல்லைக்கல் நடப்பட்டது.

கட்சியுரையை எவ்வடையாளத்தாற் கண்டறிதல்? லண்டன் வழக்கில் தந்தையின் சார்பில் வாதித்தோர் நான்கு அடையாளங்களைக் கூறினர். நீதிபதியும் அவற்றைத் தக்கனவாக ஏற்றார். வழக்குடைய பொருளை வழக்கற்றதுபோல மேலெழுந்தவாரியாகக் கூறுதல் ஒன்று. கேட்போர் அதன் உண்மையைத் தாமே சோதித்தற்கு இடமின்றிப் பொருள்களை அடுக்குதல் இரண்டு. தம் பக்கத்தாரை உயர்த்தி எதிர்ப்பக்கத்தாரைக் கொடியராக வரைதல் மூன்று. இன்னவாறு செய்தலே அறம், செய்யாமை பாவம் என ஒரே வழியிற் கேட்போரைத் தள்ளுதல் நான்கு. இந்நான்கினையும் கொண்டு எந்நாட்டுப் பெற்றோரும் தம் பிள்ளையின் பாடத்தைச் சோதிக்கலாம். தம் பேச்சையுஞ் சோதிக்கலாம்.

ஜர்மனி தேசத்தார் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றனர். 1933 முதல் 1945 வரை அந்நாட்டுப் பள்ளிகள் ஒரு கட்சியின் பாசறைகளாக்கப்பட்டிருந்தன. அந்நினைவு மாறாதிருந்த தலைமுறையார், 1976-ஆம் ஆண்டில் பாய்டெல்ஸ்பாக் என்னும் சிற்றூரில் அரசியற் கல்வி கற்பிப்போர் கூடிய கூட்டமொன்றினின்றும் மூன்று நெறிகளைப் பெற்றனர். மாணாக்கனைத் திகைப்பித்து அவன் தீர்ப்பினைப் பறித்தல் ஆகாது. அறிஞரிடையும் நாட்டினிடையும் வழக்காயுள்ளது வகுப்பறையிலும் வழக்காகவே காட்டப்படல் வேண்டும். மாணாக்கன் தன் நிலைமையைத் தானே ஆய்ந்து செயற்படும் வன்மை பெறுதல் வேண்டும் என்பன அவை. கட்சி வேறுபாடு கடந்து அந்நாட்டு ஆசிரியர் இவற்றைப் போற்றி வருகின்றனர்.

இரண்டாம் நெறி நமக்குப் புதியதன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரிற் சுபக்கம் கூறுமுன் பரபக்கம் கூறினார். உலோகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு திறத்தார் கொள்கைகளை அவரவர் வாயாற் சொல்வதுபோல முதற்கண் எடுத்தோதி, அதன்பின்னரே மறுத்தார். எதிராளியின் கொள்கையை அவன் ஒப்புமாறு கூறமாட்டாதவன் அதனை மறுத்தற்கு உரியனல்லன் என்பது நம் தருக்க மரபு.

அற்றேல், அருணந்தி சிவாசாரியர் இறுதியில் ஒரு பக்கத்தை நிலைநாட்டினாரன்றோ? அங்ஙனமே ஆசிரியரும் எல்லாப் பக்கமும் கூறியபின் தம் பக்கத்தை நிலைநாட்டுதல் என்னை குற்றம் எனின், கூறுதும். சித்தியார் கேட்கும் மாணாக்கன் பக்குவம் நோக்கிக் கொள்ளப்பட்டவன். அவன் தானே நாடி வந்தான். நாடாதபோது விலகிச் செல்லவும் உரியன். பள்ளிப் பிள்ளையோ சட்டத்தாற் கொண்டுவரப்பட்டது. அதற்கு எழுந்து செல்ல உரிமையில்லை. எதிர்மொழி கூறப் பயிற்சியில்லை. தேர்விற் புள்ளியிடுவதும் அவ்வாசிரியர் கையே. விரும்பி வந்தவனுக்குக் கூறும் உபதேசமும், கட்டுண்டிருப்பவன் காதில் ஊதும் பிரசாரமும் சொல்லளவில் ஒன்றேயாயினும் செயலளவில் வேறு. மடாலயத்துக்கும் கட்டாயப் பள்ளிக்கும் உள்ள வேற்றுமை இதுவே என்க.

இது நம்மையும் ஒரு வினா வினவுகின்றது. நம் மடங்களும் சைவ சபைகளும் பள்ளிகள் நடத்துகின்றன. அங்குப் பிற சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். அரசாங்கத்தாரது அங்கீகாரமோ பொருளுதவியோ பெற்ற பள்ளியிற் சமய போதனையிலேனும் வழிபாட்டிலேனும் கலந்துகொள்ளுமாறு எவரையும், இளையராயின் அவர் காப்பாளரது இசைவின்றி, வற்புறுத்தலாகாது என்பது இந்திய அரசியற் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. தம் பிள்ளையின் வகுப்பிற் புகுந்த கட்சியுரைக்கு வருந்தும் சைவர், தாம் நடத்தும் பள்ளியில் அயற்சமயப் பிள்ளை வருந்தாதவாறு காத்துள்ளாரா எனத் தம்மை வினவிக்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரவர்கள் கிறிஸ்தவப் பாதிரிமார் பள்ளியிற் கற்றுக் கற்பித்தவர்கள். சைவப் பிள்ளைகள் அத்தகைய பள்ளிகளிற் பிறசமய போதனைக்கு உட்படுதலைக் கண்டு வருந்தியதோடமையாது, 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். அன்று நாம் வேண்டிய உரிமையை இன்று பிறர்க்கு மறுத்தல் நீதியாகாது.

சொல்லைக் கேட்பித்தலினும் கொடியது செயலைச் செய்வித்தல். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாகாணக் கல்விக் குழுவார், உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1942-ஆம் ஆண்டு ஜனவரியில், மாணாக்கர் யாவரும் கொடி வணக்கம் செய்தல் வேண்டும் என விதித்தனர். யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவார் தம் சமயக் கொள்கைக்கு மாறெனக் கருதி மறுத்தனர். பிள்ளைகள் விலக்கப்பட்டனர், பெற்றோர்க்கு ஐம்பது டாலர் வரை தண்டமும் முப்பது நாள் வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடந்தந்தது. மூன்று ஆண்டுகட்கு முன்னர், 1940-இல், அந்நாட்டு உச்சநீதிமன்றத்தார் எட்டுப்பேர்க்கு ஒருவர் என்ற அளவில் இத்தகைய கட்டாயத்தை ஒப்பியிருந்தனர். 1943-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், ஆறுபேர்க்கு மூவர் என்ற அளவில் அம்முடிபையே மாற்றினர். அரசாங்கத்து அதிகாரி எவரும் இதுவே சரியான கொள்கை என விதித்து, அதனை வாயாலும் செயலாலும் ஒப்புமாறு குடிகளைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது நீதிபதி ஜாக்ஸன் எழுதிய தீர்ப்பின் கருத்து. நாடு போரில் ஈடுபட்டு, நாட்டுப்பற்றே பேரறமாக மதிக்கப்பட்ட காலத்தில் இங்ஙனம் கூறியது வியத்தற்குரியது.

அப்பிரிவினரின் பிள்ளைகள் மூவர் நம் கேரள நாட்டிலும் 1985-ஆம் ஆண்டு ஜூலையிற் பள்ளியினின்றும் விலக்கப்பட்டனர். நாட்டுப் பண் பாடப்படுங்கால் அவர் மரியாதையோடு எழுந்து நின்றனர், பாடிற்றிலர். அத்துணையே. தந்தை முறையிட்டார். கேரள உயர்நீதிமன்றத்தார் ஏற்றிலர். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும், எழுந்து நிற்றலே மரியாதையாம், பாடும்படி வற்புறுத்தச் சட்டமில்லை எனக் கூறிப் பிள்ளைகளை மீளச் சேர்க்குமாறு விதித்தனர். நாட்டுப் பண் நல்லதன்று என யாரும் கூறார். நல்லதாயினும், உள்ளம் உடன்படாத வாயினின்றும் வருவித்த பாட்டு வணக்கமாகாது. மனம் மொழி மெய் மூன்றும் ஒன்றாத வழிபாடு வழிபாடன்று என்பதனை நம்மினும் நன்கறிந்தார் யாவர்?

இப்பொருளில் தெளிதற்கு அரிய இடமும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்து மாண்ட்கோமரி கோட்டத்தின் ஆரம்பப் பள்ளிகளில், ஆண்பெண் இயல்பு பற்றியும் திருமணம் பற்றியும் புதிய கொள்கைகளைத் தழுவிய கதைப்புத்தகங்கள் வகுப்பிற் சேர்க்கப்பட்டன. முன்னர்ப் பெற்றோர்க்கு அறிவித்து விரும்பாதார் பிள்ளைகளை விலக்கிவந்த பள்ளி அதிகாரிகள், 2023-ஆம் ஆண்டில் அவ்வசதியை நிறுத்தினர். முகம்மதியரும் கிறிஸ்தவருமாகிய பெற்றோர் சிலர் வழக்கிட்டனர். 2025-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தார் ஆறுபேர்க்கு மூவராக, வழக்கு முடியுங்காறும் அப்பெற்றோர்க்கு அறிவிப்பும் விலகும் உரிமையும் தருமாறு விதித்தனர். மாறுபட்ட மூவரோ, ஒரு கொள்கையைக் கேட்டல் அதற்கு உட்படுதலாகாது எனவும், பலதிறத்தாரும் கூடிப் பயிலும் பள்ளி இதனாற் சிதையும் எனவும் கவன்றனர்.

இருதிறத்தும் உண்மை உளது. நம் நோக்கில், இவ்வழக்கின் உயிர்நிலை வயது என்பதே. பதினாறு வயதினன் கேட்டலுக்கும் உட்படுதலுக்கும் வேறுபாடு அறிவான். ஐந்து வயதுக் குழவிக்கு ஆசிரியர் வாயினின்றும் கேட்டலே உட்படுதலாம். சார்ந்ததன் வண்ணமாதல் அப்பருவத்து அத்துணை விரைவுடையது. ஆகலின் பிள்ளை இளையதாகுந்தோறும் பெற்றோரின் மறுப்புக்கு வன்மை மிகும். பிள்ளை வளருந்தோறும் அம்மறுப்பு மெலிந்து, அறிதற்குரிய பிள்ளையின் உரிமை ஓங்கும். பக்குவத்திற்கேற்ற உபதேசம் என்னும் நம் முறை இதற்கும் அளவுகோலாம். இக்கருத்து எல்லா ஐயங்களையும் நீக்கும் என யாம் கூறோம். எவ்வாண்டில் எது தகும் என்பது ஒவ்வோரூரிலும் ஆசிரியரும் பெற்றோரும் கலந்து தேர வேண்டியதே.

மறுக்கும் முறையைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். பிள்ளை கூறியதை அவ்வாறே நம்பிச் சினங்கொண்டு எழுதல் தகாது. பிள்ளைகள் பாதி கேட்டு முழுதும் கூறுவர். முதற்கண் ஆசிரியரைத் தனித்துக் கண்டு, நிகழ்ந்தது யாதெனப் பணிவோடு வினவல் வேண்டும். பிள்ளையின் முன்னிலையில் ஆசிரியரை இகழ்ந்து பேசும் தந்தை, ஒரு கட்சியுரையை நீக்கப் புகுந்து குருபத்தியையே வேரறுக்கின்றார். அவர் மறுப்புத் தம் கட்சிக்காக அன்று என்பதற்கு ஒரே சான்று, தம் கட்சியை வகுப்பிற் புகழ்ந்த ஆசிரியரையும் அவ்வாறே சென்று தடுத்தல். அது செய்யாதவர்க்கு இது செய்ய வாயில்லை. இனி, வீட்டுத் திண்ணையிலே நாடோறும் எதிர்க்கட்சியாரைக் கொடியரென்று பிள்ளை கேட்க ஏசிக்கொண்டிருந்து, பள்ளியில் நடுநிலை வேண்டுதலும் நகைப்பிற்கிடமாம். மேலே கூறிய நான்கு அடையாளங்களும் திண்ணைக்கும் பொருந்தும்.

அரசகுமரன் ஒருவன் வேடரிடையே வளர்ந்து, தன்னை வேடனென்றே எண்ணியிருந்தான். குரு வந்து, நீ அரசன் மகன் என உணர்த்தினார். இது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தால் நாம் அறிந்த உவமை. ஐம்புலன்களே அவ்வேடர் என்பது நூற்கருத்து. அதனை இவ்வுலகியற் பொருட்கும் சிறிது ஏற்றிப் பார்க்கலாம். வேடர் அச்சிறுவனுக்கு வில்லும் அம்பும் பழக்கினர். காட்டின் இயல்பு கற்பித்தனர். பசித்தபோது உணவும் இட்டனர். அவை பிழையல்ல. நீ எம்மவன் என்று கூறியதே பிழை. பிள்ளைக்குத் தெரிந்தன யாவும் கற்பிக்கப்படுக. இந்நாட்டில் எக்கட்சிகள் உள, அவை யாது கூறுகின்றன என்பதும் அறிவிக்கப்படுக. நீ எம்மவன் என்னும் அவ்வொரு சொல்லை மாத்திரம் கட்சியும் சொல்லாதிருக்க, அரசாங்கமும் சொல்லாதிருக்க, அன்பினால் உரிமை மிக்க பெற்றோரும், சொல்லுமுன் ஒருமுறை நின்று எண்ணுக.